அக்கா ‘போறன்’ என்று எழுதிய காலை

“புத்தகம் வாசிச்சு ஆராவது செத்ததாயோ பிழைச்சதாயோ நீ கேள்விப்பட்டிருக்கிறியோ, பிள்ளை? எழுத்துக் கூட்டி வாசிக்கிற நீயோ மற்றவைக்குப் புத்தகம் சொல்லப் போறாய்?”

சுவிட்சர்லாந்தின் லோசானில் ஒரு பிறந்தநாள் விழாவில், கையில் ரோல்ஸ் தட்டோடு நின்றுகொண்டு என் சித்தப்பா இப்படிக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. போன ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, லோசானிலிருந்து இன்டர்லாக்கன் போகும் ரயிலில், அது எழுந்து நின்று என் கழுத்தைப் பிடித்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. சின்ன வயதிலேயே தம்பி தங்கைகளைப் பார்க்க அவரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு இலங்கையில் போர், இடப்பெயர்வு, ஓட்டம். நான் இந்த நாட்டில் பிறந்து, பிரெஞ்சில் படித்து, இப்போது ஒரு மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். தமிழ் படித்தது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில். சித்தப்பா சொன்னது பொய்யில்லை, நாவல்களைத் தொட்ட புதிதில் எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். ஆனால் விடவில்லை. முதல் நாவலை முடித்த அன்று அதை அம்மாவின் மடியில் வைத்து, “இது முழுக்க நான் வாசிச்சிட்டன்” என்றேன். அம்மா தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “இவ்வளவு எழுத்தையும் நீயோ!” என்றார். என் பட்டத்துக்குக்கூட நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

அந்தப் பெருமையோடுதான் வட்ஸ்அப்பில் ஒரு வாசகர் குழுவில் சேர்ந்தேன். சுவிஸ் முழுவதும் சிதறிக்கிடக்கும் தமிழ் வாசகர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருவரும் தாங்கள் இப்போது என்ன வாசிக்கிறோம், அதை வேறு யார் வாசிக்கலாம் என்று குரல்பதிவு போடுவார்கள். நொஷாட்டலில் பஸ் ஓட்டும் ஓர் அண்ணை எப்போதும் செங்கல் மாதிரிப் புத்தகங்களையே சொல்வார். “அண்ணை, அது வாசிக்கவோ, தலைக்கு வைக்கவோ?” என்று யாராவது கேட்பார்கள். “முதல் வாசி, பிறகு தலைக்கு வை. ரெண்டுக்கும் உதவும்” என்பார்.

இன்டர்லாக்கனில் இருந்து ஓர் அக்கா. அம்மாவைவிடக் கொஞ்சம்தான் இளையவர், ஆனால் குழுவில் எல்லோருக்கும் அவர் அக்கா. ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளும் துவாய்களும் தோய்க்கும் பகுதியில் வேலை. அதே ஹோட்டலின் மேல்மாடியில், வேலையாட்களுக்குக் கொடுத்த சின்ன அறையில் தனியாக இருந்தார். அவருடைய குரல்பதிவில் முதலில் மெஷின்களின் இரைச்சல் வரும், பிறகு அவர் வருவார். “பாதி வந்திட்டன். அந்தப் பெட்டை பாவம். அவனை நம்பாதை எண்டு சொல்லவேணும் போல கிடக்கு.” அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரிக்காக எல்லோரும் காத்திருப்போம்.

செப்டம்பரில் நான் ஒரு மெல்லிய நாவலைப் பற்றிச் சொன்னேன். போர்க்காலத்தில் ஒரு பெண் தன் தங்கையுடன் படகில் கடல்நீரேரியைக் கடக்கும் கதை. கரைக்கு வந்து சேர்வது அவள் மட்டும். என்னை அது உலுக்கிவிட்டது. “இதைக் கட்டாயம் எல்லாரும் வாசிக்க வேணும். வாசிச்சா உங்களை விடாது” என்று கொஞ்சம் உரத்தே பேசியிருந்தேன். அக்கா உடனே எழுதினார்: “பிள்ளை சொன்னா வாசிக்கத்தானே வேணும். எனக்குத் தாங்கோ.” ஒரு ஞாயிறு பேர்ன் ரயில் நிலையத்தில் சந்தித்து என் பிரதியைக் கொடுத்தேன். அக்கா அதை வாங்கி, அட்டையில் இருந்த படகுப் படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கைப்பைக்குள் வைத்தார். அப்போது அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு இரண்டு ஞாயிறுகள் அவர் குரல் வரவில்லை. ஹோட்டலில் வேலை கூட இருக்கும் என்று நினைத்தோம்.

அந்தச் சனிக்கிழமை காலை நான் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. குரல் இல்லை, எழுத்து.

“புத்தகம் முடிஞ்சுது பிள்ளை. நான் போறன்.”

நான் இரண்டு தடவை வாசித்தேன். எங்கே போகிறார்? “எங்க அக்கா?” என்று எழுதினேன். பதில் இல்லை. அழைத்தேன். மணி அடித்து அடித்து, கடைசியில் ஜெர்மன் குரல் ஒன்று செய்தி விடச் சொன்னது.

அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எழுத்துத் தெரியாத அம்மாவுக்கு என் குழுவில் எல்லோரையும் குரலால் தெரியும். நான் அந்தச் செய்தியை வாசித்துக் காட்டினேன். அம்மாவின் கை நின்றுவிட்டது.

“‘போறன்’ எண்டோ எழுதினவ?”

“ஓம்.”

“‘போயிட்டு வாறன்’ எண்டு இல்லையோ? வடிவாப் பார்.”

“இல்லை அம்மா. ‘போறன்’ எண்டுதான் கிடக்கு.”

எங்கள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது. படிக்கிற காலத்தில் ஒருநாள் அவசரத்தில் “அம்மா, போறன்!” என்று கத்திவிட்டுப் படியிறங்கினேன். அம்மா செருப்பும் போடாமல் கீழ்த்தளம் வரை ஓடிவந்து, என்னை மேலே கூட்டிக்கொண்டு போய், கதிரையில் இருத்தி, தண்ணீர் தந்து, “இப்ப சொல்லு” என்றார். “போயிட்டு வாறன்” என்றேன். “ஓம், வா” என்று விட்டார். பஸ் போய்விட்டது, பரீட்சைக்குப் பிந்தினேன். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. வெளியே போகிற யாரும் எங்கள் ஆட்களிடம் ‘போறன்’ என்று சொல்வதில்லை. திரும்பி வராத இடத்துக்குப் போகிறவர்தான் அப்படிச் சொல்லலாம்.

அம்மா கத்தியை வைத்தார். “ஏன் இன்னும் நிக்கிறாய்? வெளிக்கிடு” என்றார்.

ரயில் பேர்ன் வரும்வரை நான் அக்காவை அழைத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் அதே ஜெர்மன் குரல். நான் அந்த நாவலின் கடைசிப் பக்கங்களை நினைத்துப் பார்த்தேன். கரைக்கு வந்தவள் திரும்பத் தண்ணீரைப் பார்த்து நிற்பதோடு கதை முடியும். என்ன அழகான முடிவு என்று குழுவில் நானே சொல்லியிருந்தேன். அக்கா யாரை இழந்தவர், எப்படி இந்த நாட்டுக்கு வந்தவர், எதுவும் எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. தெரியாத ஒருவரின் கையில் அதைக் கொடுத்து, உங்களை விடாது என்றும் சொல்லியிருக்கிறேன். புத்தகம் வாசிச்சு ஆராவது செத்ததாயோ? சித்தப்பாவின் குரல் ரயில் சத்தத்தோடு சேர்ந்து ஓடியது.

பேர்னில் ரயில் மாறும்போது நொஷாட்டல் அண்ணையை அழைத்தேன். விசயத்தைச் சொன்னதும் அவருடைய பகிடி எல்லாம் நின்றுபோனது.

“தங்கச்சி, பொலிசுக்குப் போன் அடி.”

“அண்ணை, பொலிஸ் ஹோட்டலுக்குப் போனா முதலாளிக்குத் தெரியவரும். அக்காவுக்கு வேலை போயிடுமோ எண்டு…”

“வேலை போனா வேற வேலை எடுக்கலாம். இப்ப அடி. வச்சிட்டு அடி.”

117ஐ அழுத்தியபோது என் விரல் எனக்குச் சொந்தமில்லாதது போல் இருந்தது. எங்கள் வீட்டில் பொலிசை யாரும் அழைத்ததில்லை. கதவில் பொலிஸ் தட்டினால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுதான் அப்பா அம்மா பழகிவந்த பழக்கம். முதலில் ஜெர்மன், பிறகு பிரெஞ்சு தெரிந்த ஒரு பெண்ணிடம் மாற்றினார்கள். பொறுமையான குரல்.

அக்கா என்ன எழுதினார் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்: புத்தகம் முடிந்துவிட்டது, நான் போகிறேன்.

“அவ்வளவுதானா? வேறு ஏதாவது? விடைபெறுவது போல, மன்னிப்புக் கேட்பது போல?”

“இல்லை. அவ்வளவுதான்.”

“ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு வெளியே போகிறார். இதில் உங்களுக்கு எது பயமாக இருக்கிறது?”

நான் வாயைத் திறந்தேன். இத்தனை வருடம் பிரெஞ்சில் படித்தவள், பரீட்சைகளில் முதலாவதாக வந்தவள், ஒரு சொல்லை விளங்கப்படுத்த முடியாமல் ரயில் வாசலில் நின்றேன். எங்கள் மொழியில் போகிறவர்கள் போகிறேன் என்று சொல்வதில்லை, போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள் என்றேன். சொல்லச் சொல்ல அது ஒரு பைத்தியக்காரக் கதை போல என் காதிலேயே விழுந்தது. “அவர் திரும்பி வருவேன் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். எங்கள் ஆட்கள் அதைச் சொல்லாமல் விடவே மாட்டார்கள். என் அம்மா அதைக் கேட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்” என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மாவின் கத்திதான் அவரை நம்ப வைத்தது என்று நினைக்கிறேன். குரல் மாறியது. அக்காவின் உயரம், தலைமயிர், எந்த ஹோட்டல் என்று கேட்டார். ஒரு வாகனத்தை அனுப்புகிறோம், நீங்கள் தொலைபேசியைக் கையில் வைத்திருங்கள் என்றார்.

தூன் நகரம் தாண்டியதும் ரயில் ஏரியை ஒட்டி ஓடத் தொடங்கியது. பனிமூட்டம் தண்ணீருக்கு மேல் பாய் விரித்ததுபோல் கிடந்தது. எதிரில் இருந்த உல்லாசப் பயணிகள் எழுந்து நின்று படம் எடுத்தார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் என் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தண்ணீரைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறாரா? இரண்டு ஏரிகளுக்கு நடுவில் இருக்கும் ஊரில் வாழ்கிறவர், ஒரு தடவைகூட ஏரிப் படம் அனுப்பியதில்லை. எங்களில் மற்ற எல்லோரும் அனுப்பியிருக்கிறோம்.

ஹோட்டலின் பின்பக்கக் கதவில், சமையலறை ஏப்ரனோடு ஓர் அண்ணை சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். தமிழ் முகம். ஓடிப்போய்க் கேட்டேன்.

“அக்காவோ? அவவுக்கு இண்டைக்கு லீவு. காலமையே கோட்டும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவ. எங்கயெண்டு கேட்டன், ஏரிக்கு எண்டா. எனக்கே புதினமாப் போச்சு.”

“ஏன் அண்ணை புதினம்?”

“தண்ணியெண்டாலே பயப்பிடுற மனுசி, தங்கச்சி. ஆத்தங்கரையால நடக்காமல் சுத்திப்போறவ. இவ்வளவு காலத்தில ஏரிப்பக்கம் போய் நான் காணேல்ல.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிகரெட்டை எறிந்தார். “ஏன்? என்ன நடந்தது?”

“எந்த ஏரி அண்ணை?”

“அது சொல்லேல்லயே…”

மேற்கே ஓர் ஏரி, கிழக்கே ஓர் ஏரி. அவர் மேற்கே ஓடினார், ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. நான் பொலிசுக்கு மறுபடி அழைத்து, ஏரிக்குப் போனவராம் என்று சொல்லிக்கொண்டே ஆற்றோரமாகக் கிழக்கே ஓடினேன். அந்த ஆறு இரண்டு ஏரிகளையும் இணைக்கும் ஆறு. பச்சையாக, சத்தமில்லாமல், ஆனால் பயங்கர வேகத்தில் ஓடும். நான் கரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தண்ணீரில் ஒரு கறுப்பு உடுப்பு மிதப்பதுபோல் தெரிந்து ஓரிடத்தில் கரையில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தேன். அது ஒரு மரக்கிளை. எழுந்து ஓடும்போது, “இனி ஒருத்தருக்கும் ஒரு புத்தகமும் சொல்லமாட்டன், சொல்லவே மாட்டன்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓடினேன். நாயோடு நடந்துவந்த ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார்.

கிழக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் கப்பல் துறை. ஒரு கப்பல் அப்போதுதான் கயிறு அவிழ்த்துப் போய்க்கொண்டிருந்தது. துறை வெறுமையாக இருந்தது. அதன் கடைசி இருக்கை வாங்கில், கோட்டின் பொத்தான்களை எல்லாம் பூட்டிக்கொண்டு, மடியில் என் புத்தகத்தோடு அக்கா இருந்தார்.

நான் பக்கத்தில் போய் விழுந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். அக்கா திடுக்கிட்டார்.

“பிள்ளை! நீ இஞ்ச என்ன செய்யிறாய்? ஏன் இப்பிடி இளைக்குது?”

“போன் எங்க அக்கா? ஏன் எடுக்கேல்ல?”

“அறையில விட்டிட்டு வந்திட்டன் போல.” பிறகு போய்க்கொண்டிருந்த கப்பலைக் காட்டினார். “காலமையிருந்து ஒவ்வொண்டா விட்டுக்கொண்டிருக்கிறன். டிக்கெட் எடுத்து வச்சிருக்கிறன், பார். கிட்டப் போனா கால் ஏறுதில்லை.”

நான் என் தொலைபேசியை எடுத்து, அவர் அனுப்பிய செய்தியை அவர் முன் நீட்டினேன். அக்கா கண்ணைச் சுருக்கி வாசித்தார். தான் எழுதியதைத் தானே வாசித்துவிட்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஐயோ, போறன் எண்டோ எழுதினனான்?”

“ஓம்.”

“போயிட்டு வாறன் எண்டெல்லோ எழுதியிருக்க வேணும்.” தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். “கன காலமா ஒருத்தருக்கும் சொல்லிப்போட்டு வெளிக்கிட்டதில்லை, பிள்ளை. கதவைப் பூட்டுறன், படியிறங்கிறன். ஆருக்குச் சொல்லுறது? அந்தச் சொல்லே வாய்க்கு மறந்துபோச்சு.”

பொலிஸ் வாகனம் வந்தது அப்போதுதான். சீருடையைக் கண்டதும் அக்கா என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவில் இருக்கிறது. அவருடைய மோதிரம் என் விரலில் பதிந்துவிட்டது. இளவயதுப் பொலிஸ்காரி ஒருத்தி வாங்கின் முன்னால் குந்தியிருந்து, அக்காவின் கண்ணைப் பார்த்து ஏதோ கேட்டாள். அக்கா ஹோட்டலில் பழகிய சுவிஸ் ஜெர்மனில், “அலெஸ் குவெட், எல்லாம் குவெட்” என்று, ஒரு பிரச்சினையும் இல்லை என்பதாகச் சொன்னார். அவள் உடனே எழுந்துவிடவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். ஒரு சீட்டில் மனநல உதவிக்கான தொலைபேசி இலக்கம் ஒன்றை எழுதி அக்காவின் கையில் கொடுத்தாள். எங்களைத் திட்டவில்லை.

அடுத்த கப்பல் வந்தபோது அக்கா எழுந்தார். “நீ வந்திட்டாய். இனி ஏறலாம் போல கிடக்கு” என்றார். எனக்கு நீந்தத் தெரியாது. இருவரும் கைகோர்த்துக்கொண்டு, கிழவிகள் வெள்ளத்தில் இறங்குவதுபோல் கப்பலில் ஏறும் பலகையைக் கடந்தோம். டிக்கெட் பார்ப்பவர் சிரித்துக்கொண்டே வரவேற்றார்.

ஆறு விரிந்து ஏரியாகும் இடத்தில் பனிமூட்டம் விலகிவிட்டது. அக்கா கைப்பிடிக் கம்பியை விடவில்லை. அந்த நாவலில் வரும் தங்கையின் வயதுதான் தன் தங்கைக்கும் என்று சொன்னார். நடு ஏரியில், இயந்திரச் சத்தத்துக்கிடையில், என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“உன்னட்ட ஒரு உண்மை சொல்லட்டோ? காலமை வெளிக்கிடேக்க எனக்கே தெரியாது, பிள்ளை, கப்பலில ஏறத்தான் போறனோ எண்டு.”

கப்பல் திரும்பி வரும்வரை நான் அவர் கையை விடவில்லை. அந்த நாளின் பயங்களில் எல்லாம் பெரிய பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. அம்மா அந்தச் சொல்லைப் பிடிக்காமல் விட்டிருந்தால்? நான் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, மாலையில் அழைத்துப் பார்ப்போம் என்று இருந்திருந்தால்?

பொலிஸ்காரி கொடுத்த இலக்கத்துக்கு அந்த வாரமே அக்கா அழைத்தார். பேசும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். இப்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு ஒரு மருத்துவரிடம் போய் வருகிறார். வேலை போகவில்லை. சமையலறை அண்ணை அவருக்குத் தினமும் ஏதாவது எடுத்து வைக்கிறாராம், “உப்புத்தான் கூட” என்று அக்கா குறை சொல்கிறார். காலையில் வேலைக்கு இறங்கும்போது எனக்கு ஒரு செய்தி வருகிறது: “போயிட்டு வாறன்.” நான் எங்கே நின்றாலும், பஸ்ஸிலோ ஆய்வுகூட வாசலிலோ, “ஓம், வாங்கோ” என்று எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை.

இனி ஒருவருக்கும் புத்தகம் சொல்லமாட்டேன் என்று ஆற்றோரத்தில் நான் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அந்தப் புத்தகம் இல்லாட்டி நான் அந்த வாங்கிலயும் வந்து இருந்திருக்க மாட்டன். அறைக்குள்ளதான் இருந்திருப்பன். சொல்லு. ஆனா குடுத்திட்டு ஓடிப்போகாதை, கூட இரு” என்றார். சித்தப்பாவின் கேள்வி இன்னும் எனக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு புத்தகத்தை இன்னொருவர் கையில் வைக்கும்போது அவருடைய வீட்டுக் கதவையும் தட்டுகிறோம், தட்டிவிட்டுத் திறக்கும்வரை நிற்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிகிறது.

எங்கள் குழு இன்று முதல் தடவையாக நேரில் கூடுகிறது, இன்டர்லாக்கனில். நொஷாட்டல் அண்ணை ஏதோ ஒரு செங்கல்லோடு வருகிறார். நான் இதை ரயிலில் இருந்து எழுதுகிறேன். பையில் அக்கா எனக்குச் சொன்ன நாவல் பாதி வாசித்தபடி கிடக்கிறது. காலையில் வாசலில் நின்று “அம்மா, போயிட்டு வாறன்” என்றேன். உள்ளேயிருந்து “ஓம், வா” என்று குரல் வந்த பிறகுதான் படியிறங்கினேன்.